முன்தோல் தொடர்பான மேற்கண்ட விவகாரம்

ஜெயபாலனுக்காக நான் எழுதிய கடிதங்கள் ஐந்து. ஐந்துக்கும் நகல் இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவனுக்கு நகல் எடுக்காமல் கடிதம் எழுதக் கை வராது. இப்போது தோட்டம் இல்லை. ஈப்போவை அடுத்த லகாட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் ஒரே அச்சில் வார்த்த இருநூறு வீடுகள் நிற்கின்றன. அதில் ஒன்றில் நானும் இருக்கிறேன். யார் வீட்டுக்காவது அரசாங்கக் காகிதம் வந்தால் இன்னமும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

ஜெயபாலன் வெறுங்கையோடு வந்தான். வயது முப்பத்தொன்பது. ஓடு செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி குடித்தான். கால்வாய் அடைத்துக்கொண்டதைப் பற்றிப் பேசினான். எதிர்வீட்டு நாயைப் பற்றிப் பேசினான். காப்பி தீர்ந்ததும் நாயும் தீர்ந்துவிட்டது.

"கிராணி அண்ணே, ஒரு லெட்டர் எழுதணும்."

"யாருக்கு?"

"கோயில் கமிட்டிக்கு. ஆஸ்பித்திரியில கேக்குறாங்க."

"எதைப் பத்தி?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். "தோலைப் பத்தி."

"சொறியா?"

"இல்லண்ணே. இது வேற தோல்."

அதன்பிறகு அவன் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சுருக்கி எழுதுகிறேன். ஆண்குறியின் முன்தோல் இறுகிப்போய்ப் பின்னுக்குப் போகவில்லை. இரண்டு வருடமாகவே அப்படித்தான். சில நாள் வெடித்து எரியும். தை மாதம் கல்யாணம். பெண் தாப்பாவில், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்யும் புஷ்பலதா, வயது முப்பத்தாறு. இரண்டு பேருக்கும் இது முதல் கல்யாணம். இதுதான் கடைசி வாய்ப்பு என்று இரண்டு வீட்டாரும் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

விஷயத்தை அவன் முதலில் சொன்னது புஷ்பலதாவிடம்தான், தொலைபேசியில்.  அவள், "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? என்கிட்ட சொல்லி என்ன பண்றது?" என்றாளாம். ஈப்போவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தினேஸ்வரியின் நம்பரையும் அவளே அனுப்பினாள்.

தினேஸ்வரி பார்த்தார். பெரியவர்களுக்குச் சர்க்கரையாலும் இப்படி வரும் என்று ரத்தம் எடுத்தார். சர்க்கரை இல்லை. பிறகு உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுக்கு வெட்டியே ஆகணும்னு இல்ல. ஸ்டீராய்டு க்ரீம் இருக்கு. ரெண்டு வேளை தடவி, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பழக்கினா ஆறு, எட்டு வாரத்துல முக்காவாசிப் பேருக்கு சரியாயிடும். ஆனா உங்களுக்கு ஒரு இடத்துல வெள்ளையா வளையம் மாதிரி தெரியுது. அது தழும்பா இருந்தா க்ரீம் கேக்காது, வேற வழி பாக்கணும். எனக்கு நிச்சயமா சொல்ல முடியல. ஸ்பெஷலிஸ்ட் ஒரு தடவை பாக்கட்டும். அரை நிமிஷ வேலை. தழும்பு இல்லன்னா என்கிட்டயே வாங்க, க்ரீம் நானே தரேன்."

"வெட்டிக்கிட்டா ஒரேயடியா முடிஞ்சிடும்னு பசங்க சொல்றாங்க டாக்டர்."

"முடியும். அதுவும் ஒரு வழிதான். உங்களுக்கு வேணுமா?"

"வேணாம் டாக்டர்."

"அப்ப வேணாம்."

இந்த விவகாரம் முழுவதிலும் அவனிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தினேஸ்வரி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நகல் ஒன்றை அவன் கையில் கொடுத்தார். அந்த நகலை நான் படித்தேன். நல்ல கடிதம். அதில் ஒரே ஒரு கேள்விதான். வெள்ளையாகத் தெரிவது தழும்பா? கீழே பதிலுக்கு இரண்டு கட்டம் போட்டிருந்தார். ஆம், இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவான கடிதத்தை நான் பார்த்ததில்லை. வினையே அதுதான்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள். ஜெயபாலன் போவதற்கு முந்தின நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மூன்று ஜட்டி சேர்ந்த ஒரு பொட்டலம் வாங்கினான். பெரிய டாக்டர் பார்க்கப்போகிறார் என்ற மரியாதை. காலையில் இரண்டு முறை குளித்தான். முதல் ஜட்டியைப் போட்டுக்கொண்டு, மூன்றாம் கவுண்டரில் போய் நின்றான்.

கவுண்டரில் இருந்தது துளசி. நல்ல பெண். பதினான்கு வருடமாக அதே நாற்காலி. அதன் ஒரு சக்கரம் சுற்றாது. அவள் கவரை வாங்கி, பிரிக்காமல் ஃபைலில் வைத்து, அவனுடைய ஐசியை, அடையாள அட்டை நம்பரை, கணினியில் தட்டினாள்.

"எந்த இடம்ண்ணே?"

ஜெயபாலன் சுற்றிலும் பார்த்துவிட்டு, கண்ணால் காட்டினான்.

"ஓ. சுன்னத்து."

"இல்லம்மா. பாக்க மட்டும்தான்."

"சிஸ்டத்துல அந்த இடத்துக்கு அது ஒன்னுதான் இருக்கு. அதுல பதிஞ்சாத்தான் ஸ்பெஷலிஸ்ட் லிஸ்ட்ல பேரு போகும்."

"சும்மா பாக்குறதுன்னு ஒன்னு இல்லையா?"

"காதுக்கு இருக்கு" என்றாள் துளசி. "காரணம் என்ன போடட்டும்? மதமா, மற்றவையா?"

"மற்றவை."

"மற்றவைன்னா சப்போர்ட் லெட்டர் வேணும்லா. மதக் காரணம் இல்லன்னு, பதிவு பெற்ற மத அமைப்புகிட்டேருந்து."

"மதக் காரணம் இல்லன்னு மத அமைப்பு சொல்லணுமா?"

"ஆமாண்ணே. அவங்களுக்குத்தானே தெரியும்."

இப்படித்தான் அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

முதல் கடிதம் ஆலய நிர்வாகத்துக்கு. தோட்டம் போய்விட்டது, தோட்டத்து ஆலய நிர்வாகம் போகவில்லை. பதினொரு பேர் இருக்கிறார்கள். 'தனிப்பட்ட உடல்நலம் தொடர்பாகச் சான்றுக் கடிதம் வேண்டுதல்' என்று பொருள் போட்டேன். விவரம் தெரியாமல் விவாதிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். விவரத்தைச் சொன்னதும், இதையெல்லாம் விவாதிக்க முடியாது என்றார்கள். பிறகு அவசரக் கூட்டம் போட்டு இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள்.

தலைவர் தர்மா எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கிராணி, நான் பதினாறு வருஷமா இந்த ஆலயத்துக்குத் தலைவரா இருக்கேன். தேர்தல் வச்சா ஒற்றுமை கெட்டுடும்னு நானே வைக்கிறதில்ல. இந்தப் பதினாறு வருஷத்துல எத்தனையோ பிரச்சினைய பாத்திருக்கேன். முக்காவாசி நான் ஆரம்பிச்சதுதான், அதனால முடிக்கவும் தெரிஞ்சிச்சு. ஆனா இப்படி ஒரு விஷயம் அஜெண்டாவுல வந்ததே இல்ல."

பொருளாளர், "சம்பந்தப்பட்ட தோல் யாருடையது?" என்று கேட்டார். ஜெயபாலனுடையது என்று குறிப்பில் பதிவாயிற்று. அப்படியானால் ஆலயத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். அந்த மாதிரிக் கேள்வி கேட்டால் எந்த வேலையுமே நடக்காது என்று தர்மா அவரை உட்காரச் சொன்னார். உண்மை நிலையை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க மூன்று பேர் கொண்ட உபகுழு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். உபகுழுவில் சேர ஒருவரும் கை தூக்கவில்லை.

வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஜெயபாலனிடம் போய்ச் சொன்னேன்.

"பாக்கறதுன்னா பாக்கட்டும்ணே" என்றான். "யாராச்சும் பாத்தா சரி."

போன மாதம் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன்.

கடைசியில் நிறைவேறிய தீர்மானம் இது: 'அங்கத்தினர் ஜெயபாலனின் முன்தோல் விவகாரத்தில் ஆலயம் எந்தத் தரப்பையும் ஆதரிக்கவில்லை.' இதை மலாய் மொழிக்குக் கொண்டுபோய், மதக் காரணம் எதுவும் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்து, ஆலயத்தின் பெயரில் நானே எழுதினேன். இரண்டாவது கடிதம். தர்மா இரண்டு இடத்தில் சாப்பு, ஆலயத்தின் ரப்பர் முத்திரை, குத்தினார். சாப்பில் இன்னும் தோட்டத்தின் பெயர்தான் இருந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே செய்தி தாப்பாவுக்குப் போய்விட்டது.

"எங்க வீட்டுல கேட்டாங்க" என்று புஷ்பலதா போனில் சொன்னாள். "தோல் வியாதின்னு சொல்லிட்டேன். பொய் இல்லையே."

"கோவமா இருக்காங்களா?"

"அம்மா குப்பைமேனி அரைச்சுப் போடச் சொல்லிச்சு. நீங்க போட்டுக்காதீங்க."

சாப்பு வைத்த கடிதத்தைக் கொடுத்ததும் பட்டியலில் பெயர் ஏறியது. செப்டம்பரில் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஜட்டியைப் போட்டுக்கொண்டு போனான். இந்த முறை கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன். அவனைக் கொண்டுபோய் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். அங்கே நாற்பது நாற்காலி, ஒரு திரை, ஒரு மைக். விளக்கக் கூட்டமாம். பிரிவுத் தலைவரான ஸ்பெஷலிஸ்ட் மலாயில் பேசினார். ஜெயபாலன் வந்து சொல்லச் சொல்ல நான் தமிழில் குறித்துக்கொண்டேன்.

"முன்பெல்லாம் நோயாளிகளை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு இருபது நிமிடம் போனது. அப்படிப் பார்த்ததில் சிலருக்கு அறுவையே தேவையில்லை என்று தெரியவந்தது. அது எங்கள் எண்ணிக்கையை மிகவும் பாதித்தது. எனவே ஆழமாகச் சிந்தித்து, பார்ப்பதை நிறுத்தினோம். காத்திருக்கும் காலம் பாதியாகக் குறைந்தது. மேலிடத்திலிருந்து வந்து விருது கொடுத்தார்கள். அவர்களும் எதையும் பார்க்கவில்லை. திரையில் காட்டினோம், போதும் என்றார்கள்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் வருகையைப் பதிவுசெய்ய முடியாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஜெயபாலன் எழுந்தான். மைக்கைக் கையில் வாங்கினான். 

"டாக்டர், எனக்கு வெட்ட வேண்டாம். தழும்பு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொன்னா போதும்."

"நல்ல கேள்வி" என்றார் பிரிவுத் தலைவர். "கண்டிப்பாகப் பார்ப்போம். அறுவை மேசையில் பார்ப்போம். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது."

"பாத்துட்டு தழும்பு இல்லன்னா?"

"வெட்டுவது இன்னும் சுலபம்."

"எனக்கு வேணாம்னா, டாக்டர்?"

"அது உங்கள் உரிமை. அதற்கென்று தனியாக மறுப்புப் பாரம் வைத்திருக்கிறோம். மற்ற மருத்துவமனைகளில் இது கிடையாது. ஆனால் ஸ்பெஷலிஸ்ட் பார்த்த நோயாளிதான் மறுக்க முடியும். பார்க்காத ஒன்றை நீங்கள் எப்படி மறுப்பீர்கள்?"

வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஒரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு கைலி, ஒரு பிளாஸ்டிக் விசிறி, வாழ்த்துகள் என்று அச்சடித்த ஓர் அட்டை. கைலியை இப்போதும் அவன் வீட்டில் மேசை துடைக்கப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரை இழுக்கவில்லை.

தனியாரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போனான். அந்த ஸ்பெஷலிஸ்ட் கணினியைத் தட்டி, அரசாங்கப் பட்டியலில் பெயர் இருப்பதைக் கண்டு, திறந்த ஃபைலைத் திறந்த இடத்தில் மூடிவிட்டு வரச் சொன்னார். டாக்டர் தினேஸ்வரி மூன்று முறை மருத்துவமனைக்குப் போன் செய்தார். மூன்று முறையும் அவருக்கு ஒரே பாட்டைப் போட்டார்கள்.

மருத்துவமனைக்கு எழுதிய மூன்றாவது கடிதத்தில் நான் சுற்றி வளைக்கவில்லை. ஜெயபாலன் என்பவருக்குச் சுன்னத்து வேண்டாம், முன்தோலை ஒருமுறை பார்த்து இணைத்துள்ள கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று குறித்தனுப்பினால் போதும் என்று எழுதினேன். பதில் இல்லை. அக்டோபரில் நினைவூட்டல் எழுதினேன். அது நான்காவது. பதினோராம் நாள் பதில் வந்தது. ஒரு பிழை இல்லை, மை தீற்றல் இல்லை. என் மனது கொஞ்சம் இளகியதை மறைப்பதற்கில்லை.

'மேற்கண்ட விவகாரம் தொடர்பாகத் தாங்கள் அனுப்பிய இரு கடிதங்களும் கிடைக்கப்பெற்றன. சிகிச்சையில் தாங்கள் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது. அதை முன்னிட்டுத் தங்கள் அறுவைத் தேதி ஏப்ரலிலிருந்து நவம்பர் பதினான்காம் தேதிக்கு முன்கொண்டுவரப்பட்டுள்ளது.'

ஜெயபாலன் அதை இரண்டு முறை படித்தான்.

"அண்ணே, நீங்க எழுதாம இருந்திருந்தா ஏப்ரல் வரைக்கும் தப்பிச்சிருப்பேன்."

 அந்தப் பதிலை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட அவன் யோசித்தான். ஆனால் அந்த வெள்ளை வளையம் என்னவென்று யாராவது சொல்லியாக வேண்டுமே. தழும்பு என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். தழும்பு இல்லாமலேயே வெட்டிவிட்டால் அதைத் திரும்ப ஒட்டச் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு இருக்கும் ஒரே இடம் மேசை. மேசையில் ஏறினால் வெட்டாமல் இறங்க முடியாது. இதை அவன் புஷ்பலதாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"நான் ஒன்னு சொல்லவா? எனக்கு எப்படி இருந்தாலும் ஒன்னுதான். ஆனா உங்களுக்கு வேணாம்னு அஞ்சு மாசமா சொல்றீங்க. அதைக் கேக்க ஒரு ஆள் இல்லாம போயிட்டா, அந்தக் கோவம் உங்ககூடவே வீட்டுக்கு வரும். அதோட நான் குடும்பம் நடத்தணும். கிராணி அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போங்க. படுக்கறதுக்கு முன்னாடி பாக்கற ஆளெல்லார்கிட்டயும் லெட்டரைக் காட்டுங்க."

நவம்பர் பதினான்கு, காலை ஏழு மணி. வெறும் வயிறு. மூன்றாவது ஜட்டி. அதை உள்ளே போனவுடன் கழற்றச் சொல்லி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரெழுதி என் கையில் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு முதுகுப்பக்கம் திறந்த பச்சை அங்கி ஒன்றைப் போட்டார்கள். வரிசையில் ஐந்தாவது ஆள். திரை போட்ட தயாரிப்பு அறையில் படுத்திருந்தான். நான் திரைக்கு இந்தப் பக்கம் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு கட்டிலாகப் பட்டியலோடு வந்தவர் லியாகத் அலி. மருத்துவ உதவியாளர். அவர் ஓய்வுபெற இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. பொய்ப்பல் உண்டா, மோதிரம் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டு டிக் போடுவதுதான் அவர் வேலை. ஃபைலைப் புரட்டியவர் நின்றார்.

"தம்பி, இந்தக் கவரை யாரும் பிரிக்கலையா?"

"இல்லங்க."

"ஜூன் மாசம்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

அவர் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு, திரையை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஒரு கேள்விதான் கேட்டிருக்காங்க. இதுக்கா உன்னை இங்க படுக்க வச்சிருக்கு?"

"நீங்க பாத்துச் சொல்லுங்கய்யா" என்றான் ஜெயபாலன். அந்தக் குரலில் வெட்கம் துளியும் இல்லை. ஐந்து மாதத்தில் தேய்ந்து போயிருந்தது.

"என்னால கையெழுத்துப் போட முடியாது தம்பி."

"கையெழுத்து வேணாம். பாருங்க."

லியாகத் அலி கை கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு, இழுப்பறையில் டார்ச் தேடினார். திரை மூடியது. எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"லேசா இழுக்கறேன். வலிச்சா சொல்லு. இங்க? சரி. இப்ப விடறேன். பாரு, இழுத்துப் பிடிச்சா வெள்ளையாகுது. விட்டா நிறம் வந்துடுது. ரத்தம் ஒதுங்குறதுதான் அந்த வெள்ளை. தழும்பா இருந்தா கெட்டியா, விட்டாலும் வெள்ளையாவே நிக்கும். உனக்குத் தோலு மெத்துன்னு இருக்கு. க்ரீமுக்குக் கேக்கும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் என்று டாக்டர் சொன்னது சரியில்லை. ஒன்றேகால் நிமிடம். டார்ச் தேடிய நேரத்தையும் சேர்த்து.

அவர் திரையை விலக்கிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். "முப்பத்தி நாலு வருஷமா சுன்னத்துக்கு ஆள் அனுப்பிக்கிட்டு இருக்கேன். எங்களுக்கு அது மார்க்கம். வேணும்னு வர்றவனுக்கு நல்லபடியா செஞ்சு அனுப்பணும். வேணாம்னு அஞ்சு மாசமா லெட்டர் போடுறவனுக்கு எதுக்குச் செய்யணும்?" சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தினேஸ்வரி போட்டிருந்த இரண்டாவது கட்டத்தில், இல்லை என்ற கட்டத்தில், டிக் போட்டார். தாளை அவன் கையில் கொடுத்தார். "சாப்பு இல்ல, பேரு இல்ல. ஆனா அந்த டாக்டரம்மாவுக்குப் புரியும். எழுந்து உடுத்திக்க."

என் கையிலிருந்த பையைக் கொடுத்தேன்.

வெளியே போகும் வழியில் துளசி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, லிஸ்ட்ல உங்க பேரு நிக்குதே. வருஷக் கடைசிக்குள்ள சைபர் ஆகணும்."

"எடுத்துடுங்கம்மா."

"எடுக்கறதுன்னு ஒன்னு இல்ல. வரலைன்னு போட்டா அதுவே மறுதேதி குடுத்துடும். மூடணும்னா ரெண்டுதான் வருது." கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "செய்யப்பட்டது. இல்லன்னா, காலமானார்."

ஜெயபாலன் குனிந்து படித்தான்.

"காலமானார்னா உடனே மூடிடுமா?"

"உடனே."

"கல்யாணம் பதியணும்லா" என்று யோசித்தான். "பதிவு இலாகாவுல சிக்கலாகும்."

"அப்ப செய்யப்பட்டதுன்னு போட்டுடறேன். வலி எவ்வளவுன்னு கேக்குது. ஒன்னுலேருந்து பத்துக்குள்ள."

"இன்னிக்கா, மொத்தமாவா?"

துளசி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அன்று அவள் முதல்முறையாக நிமிர்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"மொத்தமா போட்டுக்கலாம்ணே."

"ஏழு போடுங்க."

அன்று மத்தியானமே டாக்டர் தினேஸ்வரி அந்த டிக்கைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். சொன்னோம். தானும் ஒருமுறை இழுத்து, விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன டியூப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இறுகின இடத்துல மட்டும், கொஞ்சமா. குளிச்ச பிறகு மெதுவா பின்னுக்கு இழுக்கணும். இழுவை தெரியணும், வலி தெரியக்கூடாது. முக்கியமா, இழுத்ததைத் திரும்ப முன்னுக்குக் கொண்டாந்து விட்டுடணும். அப்படியே விட்டா வீங்கி மாட்டிக்கும். எட்டு வாரம். அவசரப்படக்கூடாது. கேக்கலன்னா அப்ப மத்ததைப் பேசுவோம்."

கோடு போட்ட தாளில் ஐம்பத்தாறு நாளுக்கும் இரண்டிரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன். அதைக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தான். புஷ்பலதா தினமும் சாயங்காலம் போன் செய்து, "போட்டாச்சா?" என்று மட்டும் கேட்பாள். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் எரிச்சல் நின்றது. ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை, வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, வந்துருச்சு."

"முழுசாவா?"

"முழுசா. வலி இல்ல."

"திரும்ப முன்னுக்குக் கொண்டாந்துட்டியா?"

"கொண்டாந்துட்டேன்ணே."

அவ்வளவுதான் பேசினோம். அவன் கண் கலங்கியிருந்தது. நான் கால்வாயைப் பற்றி ஏதோ கேட்டேன்.

ஐந்தாவது கடிதம் லியாகத் அலிக்கு நன்றி சொல்லி எழுதியது. நன்றாகவே வந்தது. ஆனால் என்ன செய்ததற்கு நன்றி என்று எழுதினால் அவருக்கு வில்லங்கம், எழுதாவிட்டால் அது கடிதமே இல்லை. டிசம்பரில் அவரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். தபாலில் சேர்க்கவில்லை. நகலும் அசலும் என்னிடமே இருக்கின்றன.

கல்யாணம் ஆலய மண்டபத்தில் நடந்தது. தலைவர் தர்மா மைக்கைப் பிடித்து, "இந்தத் திருமணத்தில் ஆலய நிர்வாகத்தோட பங்கு என்னன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், மேடையில சொல்ல முடியாது" என்றார். தாப்பாவிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பலதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மார்ச்சில் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. 'மேற்கண்ட விவகாரம் தொடர்பாக, தாங்கள் செய்துகொண்ட அறுவையின் தையலைப் பரிசோதிக்க வேண்டியுள்ளது. வரத் தவறினால் ஃபைல் மீண்டும் திறக்கப்படும்.'

ஃபைல் திறக்கும் என்றதும் ஜெயபாலன் லீவு போட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். புஷ்பலதாவும் கூட வந்திருந்தாள். அவன் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. சிகிச்சை வெற்றிகரமாக நிறைவுற்றது என்று போட்டு, பிரிவுத் தலைவரின் கையெழுத்து, சாப்பு, எல்லாம் இருந்தது.

"அவரே இருந்தாரா?" என்று கேட்டேன்.

"அவரேதான்."

"பாத்தாரா?"

"ஸ்கிரீனைப் பாத்தாருண்ணே."

"என்ன சொன்னாரு?"

"வலி ஏழுன்னு போட்டிருக்கு, தைரியமான ஆளுன்னாரு. தையல் நல்லா ஆறியிருக்கு, தடமே தெரியலன்னாரு. எழுந்து கை குடுத்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"தேங்க்ஸ் டாக்டர்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?"

சான்றிதழை வாங்கி ஃபைலில் கடைசியாக வைத்தேன். புஷ்பலதா அவன் பக்கம் திரும்பினாள்.

"கட்டில்மேல புதுசு ஒன்னு எடுத்து வச்சிருந்தேனே. போட்டுக்கிட்டுப் போகலியா?"

"எதுக்கு?" என்றான் ஜெயபாலன். "பழசுலதான் போனேன்."